மரக்காளான் கொடுத்த ஜெய்னம்பு லாத்தா

நான் சொல்வதைக் கேளுங்கள், முட்டிவலிக்கு ஜெய்னம்பு லாத்தாவிடம் காளான் வாங்கி வரலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் இனி அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். லாத்தா போய்விட்டார். நெல்லிக்குப்பத்தில் என் நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. இலையில் பாயசம் ஊற்றும்போது போன் வந்தது. லாத்தாவின் மகள் சபியா. "மங்கை மாமி, உம்மா மவுத்தாயிட்டாங்க" என்றாள். அப்படியே இலையை மடித்துவிட்டுக் கடலூர் வந்து பஸ் மாறினேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "ஆருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டாள். "எங்க அக்கா" என்றேன். அந்த நடராஜர் புண்ணியத்தில், அடக்கத்துக்கு எடுப்பதற்குள் சிதம்பரம் வந்து முகத்தைப் பார்த்துவிட்டேன்.

லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. மகளும் மகனும் பிறந்த பிறகு மலேசியாவுக்குப் போய் ஈப்போவில் குடியிருந்தவர். அங்கே ஒரு சீனர் மருந்துக் கடையில் வேர், பட்டை, காளான் எல்லாம் நறுக்கிப் பொட்டலம் கட்டும் வேலை. கணவர் இறந்ததும் ஊருக்கு வந்து எங்கள் தெருவில் குடியேறினார். ஈப்போவில் இருக்கும் மகன் அந்தக் கடையிலிருந்தே லிங்சி வாங்கி அனுப்புவார். பளபளவென்று செம்மண் நிறத்தில், விசிறி மாதிரி இருக்கும் மரக்காளான் அது. இஞ்சியும் காய்ந்த சிவப்பு இலந்தையும் போட்டுக் கொதிக்கவைத்தால் தெருவே கசக்கும்.

கேட்டவுடன் கொடுக்க மாட்டார். உங்களுக்கே தெரியும். "ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர எதுனா சாப்புடறியா? ஆபரேசன் எதுனா வச்சிருக்கியா?" என்று முதலில் கேட்பார். ஆமாம் என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார், காளான் கிடையாது. அவர் சொல்லும் இன்னொரு வார்த்தை: "இது தீத்துடும்னு நான் சொல்ல மாட்டேன். சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கல. டாக்டர் குடுத்தத நிறுத்தாத." மருந்து கொடுக்கிறவர் இப்படிச் சொல்லி நீங்கள் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? எங்கள் தெருவில் கேட்டிருக்கிறோம்.

எனக்கு இரண்டு முட்டியும் பிடித்துக்கொண்ட வருஷம் அது. மார்கழித் தேருக்குப் பின்னால் நான்கு வீதியும் நடந்து வருகிறேன் என்று, என் மகன் நோயிலிருந்து பிழைத்து எழுந்தபோது சாமியிடம் சொல்லியிருந்தேன். ஒரு வருஷம்கூட விட்டதில்லை. அந்த ஐப்பசியில் கொல்லைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை விட்டுவிடுவேனோ என்று தினமும் காலண்டரில் நாள் எண்ணுவேன்.

என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். ஒரு நாள் கீரப்பாளையத்துத் தோப்பிலிருந்து கோணிப்பையோடு நேராக லாத்தா வீட்டுக்கு வந்தார். தென்னை அடியில் முளைத்திருந்த காளான், அதே பளபளப்பு, அதே நிறம். என்னையும் கூப்பிட்டார், அவ்வளவு பெருமை.

"சீனாக்காரன் வித்தா மருந்து, நம்ம மரத்துல மொளைச்சா குப்பையா? சொல்லுங்க லாத்தா."

லாத்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடையில பாத்தா மாதிரிதான் இருக்கு மாப்ள. அதுதானா இதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத என் தங்கச்சி வயித்துல ஊத்த மாட்டேன்."

"அப்ப இத என்னா பண்றது?"

"மொதல்ல மரத்தப் போயிப் பாருங்க. அங்க மலேசியாவுல செம்பனைத் தோட்டத்துல, எண்ணெ எடுக்கற பனை, இப்பிடித்தான் அடியில காளான் வரும், அப்பறம் மரம் சாயும். பொண்டாட்டி முட்டிய நான் பாத்துக்கறேன்."

விவசாய ஆபீஸில் காட்டினோம். வேருக்கு வந்த நோய்தான் என்று சொல்லி, மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டச் சொன்னார்கள். அந்த மரம் போயிற்று. மற்ற மரங்கள் இன்றைக்கும் காய்க்கின்றன.

லாத்தாவிடம் இருந்த காளான் தீர்ந்திருந்ததால், அதற்குப் பிறகு ஈப்போவிலிருந்து அவர் மகன் அனுப்பும் பார்சலுக்குக் காத்திருந்தோம். அது வந்து சேர்ந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. மார்கழி முழுவதும் நான் வெங்காயம், பூண்டு, காளான் எதையும் தொடுவதில்லை. லாத்தா பொட்டலத்தைக் கையில் எடுத்தவர், திரும்பவும் டப்பாவில் வைத்தார்.

"மருந்துதானே லாத்தா, சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றேன். எனக்குத் தேர்தான் பெரிதாக இருந்தது.

"அது ஒனக்கும் ஒங்க சாமிக்கும். ஆனா நீ குடிச்சிட்டு ராவெல்லாம் தூங்காம பொலம்புவ, அது எனக்குத் தெரியும். மார்கழி முடியட்டும்."

"அப்ப தேரு?"

"தேருக்கு நான் வரேன், போ."

வந்தார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு. கீழவீதியில் தேர் கிளம்பியதிலிருந்து என் பின்னாலேயே நடந்தார். தேர் நிற்கும் இடமெல்லாம் ஸ்டூலைப் போட்டு, "குந்து" என்பார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "சாமி நிக்கறப்ப நான் குந்தறதா லாத்தா?" என்றேன். "அவரே நின்னு நின்னுதான் போறாரு. ஒனக்கு என்னா அவசரம்?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என்று சுற்றிவந்து நிலைக்குத் தேர் சேர்ந்தபோது நானும் சேர்ந்திருந்தேன்.

தை பிறந்ததும் கஷாயம் குடிக்க ஆரம்பித்தேன். வலி முழுக்கப் போகவில்லை, பாதி குறைந்தது. காளானால் குறைந்ததா, டாக்டர் மாத்திரையால் குறைந்ததா என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது, குறைஞ்சுதில்ல?" என்று சிரித்தார். தெரியாததைத் தெரியாது என்று தலைநிமிர்ந்து சொல்கிற அந்த வாயை நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். இப்போது என்னிடம் யாராவது வைத்தியம் கேட்டால், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்றுதான் முதலில் கேட்கிறேன். என் குரலில் அவர் கேட்கிறார். அப்படி ஒருவரோடு ஒரே தெருவில் இருந்தோம் என்று நாம் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

அட, இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. வடக்கு வீதிப் பந்தலில் ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தார்கள். நல்ல வெயில். லாத்தா தன் டம்ளரையும் என் கையில் கொடுத்து, "நீ குடி, எனக்கு அப்பறம்" என்றார். நானும் இரண்டையும் குடித்துவிட்டேன். அன்றைக்கு வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் லாத்தா தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு வைப்பார்.