கொடியை யாரும் ஏற்றக்கூடாது

ஆஸ்திரேலியாவில் மழையே அபூர்வமான சுரங்க ஊர் புரோக்கன் ஹில். அங்கே தெல்மா டிரெம்பத்தின் கொல்லையில், ஒற்றைக் கம்பத்தில் குடைபோல விரிந்து சுற்றும் துணிக்கொடி ஒன்று உண்டு. சுரங்கத்துக்குப் போன புருஷனின் செம்மண் படிந்த சட்டைகளை அதில் காயப்போட்டே பாதி ஆயுளை ஓட்டியவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு போர்வையைத் தூக்கிப் போடுவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வயசுதான் என்று சொல்லிக்கொண்டாள். யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாகப் போட்டாள். முட்டாள்தனம், வேறென்ன? ஒருநாள் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அவள் திணறுவதைப் பக்கத்து வீட்டு கிளாரி வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டான். அடிலெய்டில் இருந்த மகள் கிளெனிஸுக்குப் போன் பறந்தது.

அவள் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். நுரையீரல் கெட்டிருக்கிறது, முழுசாகச் சரியாகாது, ஆனால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். மகள் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

"வீட்டை வித்துட்டு என்கூட வந்துடும்மா. ஒரு கூடைத் துணி காயப்போட முடியல, தனியா எப்படி இருப்பே?"

"அடுத்த மாசம் வா. ஒரு கூடை முழுசையும் நானே போட்டுக் காட்டுறேன். அப்புறம் வீட்டுப் பேச்சை எடுக்கக் கூடாது."

தெல்மா ஆஸ்பத்திரியில் நடந்த மூச்சுப் பயிற்சிக்குப் போனாள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊது, பாரம் தூக்கும்போது மூச்சை வெளியே விடு, தலைக்கு மேல் கையைத் தூக்கி நிற்காதே, திணறுவதற்கு முன்பே உட்கார் என்றாள் நர்ஸ். உட்காருவதா? தெல்மாவுக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் வீட்டை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள்.

சொன்னபடி கிளெனிஸ் வந்தாள். தெல்மா டாக்டர் கொடுத்த மூச்சு மருந்தை உறிஞ்சிவிட்டு, கொடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியை ஊதி ஊதிச் சுற்றி நெஞ்சளவுக்கு இறக்கினாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல். நாலு துணி போட்டதும் அதில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா, முடியலையா?"

"நடுவுல நிறுத்தாமப் போடணும்னு யாருடி சொன்னா? நான் என்ன ரயிலா ஓட்டுறேன்?"

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கிளாரி குரல் கொடுத்தான். "தெல்மா, நீ முடிக்கிறதுக்குள்ள மழை வந்துடும்!"

"இந்த ஊர்லயா? வந்தா எனக்கும் சொல்லு, குடையை எங்க வெச்சேன்னே மறந்துபோச்சு."

உதட்டைக் குவித்து ஊதிவிட்டு மறுபடி எழுந்தாள். கடைசிப் போர்வை கனமாக இருந்தது. கிளெனிஸ் தாங்காமல் கை நீட்டினாள்.

"கையை எடு."

மகள் எடுத்தாள். போர்வை மெல்ல மெல்லக் கொடியேறியது. தெல்மா உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு காலிக் கூடையைக் காலால் மகள் பக்கம் தள்ளினாள்.

கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணி காற்று வாங்கட்டுமென்று பழக்கதோஷத்தில் கொடியை உயர்த்தப் போனாள்.

"விடுடி. அது என் உயரத்துலயே இருக்கட்டும். இந்தப் பக்கம் வர்றவங்க குனிஞ்சு வரட்டும்."