சட்டென்று நிற்கும் ரத்தம்

சமையலறையில் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பாத்திரம் உருளும் சத்தமே இல்லை. வெறும் தண்ணீர். அதற்கடியில் இரண்டு பெண் குரல்கள் கிசுகிசுத்தன.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்று மனைவியின் குரல், மற்றது ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கும் நர்ஸின் குரல். தன் காதில் விழக் கூடாத பேச்சுக்குத்தான் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

சந்தேகம் அவருக்குத் தொழில் கொடுத்த சீதனம். சலூன் வைத்த நாளிலிருந்து உலகத்தைக் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழகியவர். முதுகுக்குப் பின்னால் எவன் முகம் சுளித்தாலும், எவன் நைசாகச் சீப்பைப் பையில் போட்டாலும் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். "மாஸ்டருக்குப் பின்மண்டையிலயும் கண்ணு" என்று தெருவே சொல்லும். அந்தக் கண்ணுக்கும் தப்பிய திருடன் ஒருவன் உண்டு. வேலைக்கு நடுவே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்ட புகையிலைதான் அது. ஒதுக்கிய இடத்திலேயே புண்ணாகி, புண் புற்றாகிவிட்டது.

அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்கு முன் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "ரத்தம் உறையறதைக் காட்டுற அளவு ரொம்ப ஏறியிருக்கு" என்றார். மாஸ்டருக்கு உள்ளூரப் பெருமை. சவரத்தில் கீறல் விழுந்து, படிகாரம் பட்டதும் ரத்தம் நின்றால் ஆள் திடகாத்திரம்; நிற்காமல் கசிந்தால் சீக்காளி. இது அவருடைய சாஸ்திரம். ஆனால் டாக்டரின் முகம் மலரவில்லை. மனைவியைத் தனியாக அழைத்துப் பேசினார். அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஓர் ஊசி என்றார்கள்.

அங்கேதான் இடித்தது. வெட்டப்போகிறவன் எவனாவது ரத்தம் நிற்காமலிருக்க மருந்து கொடுப்பானா? மனைவியும் டாக்டரும் சேர்ந்து தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்களோ?

"நானே போட்டுக்கறேன், கத்தி புடிச்ச கை" என்று வாங்கிக்கொண்டவர், அத்தனை மருந்தையும் வாஷ்பேசினில் பீச்சிவிட்டார். இன்று காலையில்தான் மனைவி கையும் களவுமாகப் பிடித்தாள். நர்ஸை வரவழைத்தவளும் அவள்தான்.

குழாய் நின்றது. இருவரும் அறைக்குள் வந்தார்கள்.

"என்னண்ணே, ஆபரேஷன் உங்களுக்கா, வாஷ்பேசினுக்கா?" என்றாள் நர்ஸ்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. வாய் முழுதாகத் திறக்காது, பல்லிடுக்கில்தான் பேச்சு. "வெட்டறப்ப ரத்தம் நிக்கலைன்னா? நீங்க வந்து விரலை வச்சு அடைப்பீங்களா சிஸ்டர்?"

"அதுக்கு முந்தின நாளே ஊசியை நிறுத்திடுவோம்ணே. அதுவரைக்கும் போடலைன்னாதான் ஆபத்து. கால்ல ரத்தம் கட்டி, அது போய் நெஞ்சை அடைச்சுதுன்னா ஆபரேஷனுக்கே ஆள் இருக்க மாட்டீங்க."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க." மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பினார். "டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டு என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லீங்க. எல்லாம் நல்லாயிடும்னாரு."

"அதைச் சொல்றதுக்கு எதுக்குடி தனி ரூமு?"

இத்தனை நாள் அவள் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது.

"ரத்தத்துல அந்த அளவு ஏறியிருந்தா, வெட்டி எடுத்தாலும் வியாதி திரும்பி வர்றது ஜாஸ்தியாம்! போதுமா? என் வாயாலயே சொல்ல வச்சுட்டீங்களே, பாவி மனுஷா!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

மாஸ்டர் நர்ஸிடம் கேட்டார்: "எத்தனை நாளு?"

"தேதி சொல்ற கணக்கு இல்லண்ணே அது. அப்படி ஏறியிருந்தவங்கள்ல பல பேருக்குத் திரும்பி வந்திருக்கு. வராம நல்லா இருக்கறவங்களும் இருக்காங்க. நீங்க எந்தப் பக்கம்னு அந்த அளவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

நல்ல சேதி எதையும் நம்பியறியாத மனிதர், இந்தக் கெட்ட சேதியை அக்கணமே நம்பினார். இவ்வளவு கசப்பானதைச் சொல்லி யாரும் யாரையும் ஏமாற்ற மாட்டார்கள். தன்னைத் தீர்த்துக்கட்டத் திட்டமிடுகிறவள் இப்படியா அழுவாள்? தட்டுத்தடுமாறி எழுந்துபோய் அவள் தலையில் கை வைத்தார். எத்தனையோ தலைகளைத் தொட்ட கை, கலைந்திருந்த அவள் முடியை ஒதுக்கிவிட்டது.

கட்டிலுக்குத் திரும்பி, "சட்டையைத் தூக்கவா?" என்று நர்ஸிடம் கேட்டார்.

ஊசி வயிற்றில் சுருக்கென்று ஏறி இறங்கியது. நர்ஸ் பையை மூடியபோது அவருக்கு வேறொரு கவலை முளைத்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி தாடி வழிக்க ஒரு ஆளு வருவானாமே, எவன் அவன்? என் மூஞ்சில கண்டவன் கை வைக்கக் கூடாது. நானே வழிச்சுட்டு வந்துடறேன்."

"ஐயோ, கத்தியைத் தொடாதீங்கண்ணே! இந்த ஊசி போட்டிருக்கறப்ப கீறினா ரத்தம் லேசுல நிக்காது."

"பாத்தியாடி!" மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிக்காதுன்னு அவங்க வாயாலயே வந்துடுச்சு!"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கும் நானே வரேன், நானே போடறேன். உங்களை நம்ப முடியாது" என்று நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"நம்பாதீங்க, அதான் நல்லது" என்றார் மாஸ்டர். மனைவி கண்ணைத் துடைத்தபடி கதவைச் சாத்தினாள்.