கிளட்ச்சும் டுரியானும்

என் ஸ்போர்ட்ஸ் கார் கியர் வண்டி. ஆட்டோ கியரிலேயே ஊர் சுற்றிப் பழகிய மைத்துனன் ஒரு நாளைக்கு அதைக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், "டுரியான் பழம் வாங்க பாலிக் புலாவுக்குத்தானே, எடுத்துட்டுப் போகட்டும்" என்று அவன் அக்கா, அதாவது என் மனைவி, சாவியைக் கொடுத்துவிட்டாள்.

போகிற வழியில் ஆயர் ஈத்தாம் தாண்டினால் மலைப்பாதை. டுரியான் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் அங்கே வண்டிகள் எறும்பாக ஊரும். ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல், கிளட்ச்சைப் பாதி மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்து, அதைத் தீய்த்துவிடுவான் என்று நாள் முழுக்க வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மாலையில் வந்து சேர்ந்தான். நான் அவனைக்கூடப் பார்க்காமல், கதவைத் திறந்து மூக்கை உள்ளே நுழைத்தேன். கிளட்ச் தீய்ந்திருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பின்சீட்டு நிறைய டுரியான். அதற்கு முன்னால் வேறெந்த வாடை நிற்கும்? எனக்கு மிகவும் பிடித்த பழம் வேறு. திட்டவும் முடியாமல் எரிச்சல் இன்னும் கூடியது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மாமா. மலை ஏறுறப்பதான் என்னமோ கருகுற நாத்தம் வந்துச்சு. டுரியான ஏத்துனதும் சரியாப் போச்சுலா."