சீனிதான் காரணமாம்

இன்று காலை கூலாய் டவுனில் கடை கடையாக ஏறி இறங்கி அக்காவுக்கு ஓண்டே ஓண்டே வாங்கி வந்தேன். உள்ளே கருப்பட்டிப் பாகு வைத்த பச்சை உருண்டை. கீமோ ஆரம்பித்த பிறகு அவளாக வாய் திறந்து கேட்ட முதல் தின்பண்டம்.

ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்திருந்தாள். பக்கத்து வீட்டு ஆண்ட்டி அவளைப் பார்க்க வந்தார்.

"அலமாக், இனிப்பா சாப்பிடுற? சீனிதான் கேன்சருக்குத் தீனியாம்லா. வாட்சாப்ல வந்துச்சி, பாக்கலையா? ஃபேக்டரியில டெய்லி சீனி அள்ளிப் போட்ட தே தாரிக் டீ குடிச்சியே, அதான் வந்திருக்கு."

"எது இறங்குதோ அத சாப்பிடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு ஆண்ட்டி," என்றேன்.

"டாக்டருங்க எல்லாத்தயும் சொல்ல மாட்டாங்கலா."

ஆண்ட்டி கெட்டவர் இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் போட்ட தேநீரில் இனிப்பு போதவில்லை என்று இன்னொரு கரண்டி சீனி கேட்டு வாங்கிக் கலக்கிக் குடித்தார்.

அவர் போனதும் அக்கா கையிலிருந்த உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"நானே தேடிக்கிட்டதாடா இது?"

இல்லக்கா, இல்லக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் வந்தவர் மைக்ரோவேவ்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் மைக்ரோவேவே கிடையாது.

அக்காவைப் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது காரணத்தையும் அங்கேயே விட்டுவிடுங்கள். போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போகலாம்.