புருவம் வரை பார்த்த பேரன்

எங்கள் குடியிருப்பின் கீழ் வீட்டு நீரஜா மாமி தன் பேரனைப் புருவம் வரைதான் பார்த்திருக்கிறார். அமெரிக்காவிலிருந்து மகள் மஹதி ஈமெயிலில் அனுப்பிய படம். அந்தக் காலத்து இன்டர்நெட்டில் படம் மேலேயிருந்து கோடு கோடாக இறங்கும். சுருட்டை முடி இறங்கியது, நெற்றி இறங்கியது, புருவம் இறங்கியது, லைன் அறுந்தது. அடுத்தடுத்த மத்தியானங்களிலும் அதே கதைதான். அந்தப் படம் உள்ளேயே இருந்தால் வீட்டுக்காரர் ராஜகோபாலன் மாமா கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து மாமி அதை அழித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த மனுஷனுக்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா?

பயப்படத்தான் வேண்டியிருந்தது. மஹதி கல்யாணம் செய்துகொண்டது தி.நகர் பாத்திரக்கடை வெள்ளைச்சாமியின் மகன் வெங்கடேஷை. வெள்ளைச்சாமியும் அவர் மனைவி தங்கபுஷ்பமும் பழத்தட்டோடு சம்பந்தம் பேச வந்தபோது, மாமா வாசற்படியிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இனிமேல் இந்த வீட்டில் அவள் பெயர் எடுக்கக் கூடாது என்றார். மாமி எடுக்கவில்லை. பெயரை வாயால் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர், மாமாவின் மருமான் கிரீஷ் அமெரிக்கா போகும்போது விட்டுப்போனது. மாமாவுக்கு அது சாயங்காலம் சீட்டு விளையாடுகிற பெட்டி. மாமிக்கு அது தபால்காரர். மஹதி வேலைக்குப் போன நாளில் வைத்திருந்த பழைய ஈமெயில் கணக்கையே அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். பாஸ்வேர்டு அடிக்கத் தேவையில்லாமல் கிரீஷ் ஏதோ செய்து வைத்திருந்தான். மத்தியானம் மாமா தூங்கியதும் மாமி, மோடம் போடுகிற கூச்சலுக்கு அதன்மேல் ஒரு தலையணையை அழுத்தி வைத்துவிட்டு, கடிதத்தைப் படிப்பார், அதன் கீழேயே பதில் எழுதுவார், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பாட்டு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிடுவார். மகளின் ஈமெயில் முகவரி என்னவென்றுகூட அவருக்குத் தெரியாது. வந்த கடிதத்துக்குப் பதில் போடுகிறவருக்கு அது எதற்கு?

அந்த வருஷம், தொண்ணூற்றொன்பதில், நவராத்திரி சமயத்தில் மஹதி எழுதியிருந்தாள். தீபாவளிக்கு முன்னால் குழந்தையோடு மெட்ராஸ் வருகிறோம், நாலைந்து நாள்தான் இருப்போம், அம்மாவை வெளியே எங்காவது பார்க்கிறேன், டிக்கெட் உறுதியானதும் நாளும் இடமும் எழுதுகிறேன் என்று. மாமி என் காதோடு சொன்னார். "தாரணி, இந்தத் தடவை முழுசாப் பாத்துடுவேன்."

கிரகசாரம், சரஸ்வதி பூஜை வந்தது. படிக்கிற புஸ்தகத்தையும் மாமியின் தம்புராவையும் பூஜையில் வைக்கிற வழக்கம்தான். மாமா அதோடு நிற்காமல், இதுவும் வித்தைதானே என்று கம்ப்யூட்டரையும் கோலம் போட்ட மணையில் ஏற்றி, சந்தனம் குங்குமம் இட்டு, அட்சதை போட்டார். பஞ்சபாத்திரத் தண்ணீரைத் தாராளமாகப் புரோக்ஷணம் செய்தார். மறுநாள் விஜயதசமிக்கு இன்னொரு தரம் தெளித்து, நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டார். பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. மாமா கற்பூர வாசனை என்று நினைத்தாராம்.

ரிப்பேருக்கு வந்த ஷரஃபுதீன் மூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், உள்ள கல்யாணம் நடந்துகீதா? ஒரே அட்சதையா கீது. போர்டு பூட்ச்சு, டிஸ்கும் பூட்ச்சு. வேற வாங்கிக்கோ சார்."

"சீட்டு விளையாடத்தானே, போனாப் போறது" என்றார் மாமா. மாமி காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். அழுகையை அடக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்குத்தான் மாடியேறி வந்தார். கடிதமெல்லாம் எரிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். நான் பாங்கில் கம்ப்யூட்டரோடு மாரடிப்பவள். கடிதம் பெட்டிக்குள் இல்லை, எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம், பாஸ்வேர்டு மட்டும் வேண்டும் என்றேன்.

"அது கிரீஷுக்குத்தான் தெரியும்."

"அவன் நம்பர்?"

"நாத்தனார்கிட்ட இருக்கு. கேட்டா ராத்திரிக்குள்ள மாமாவுக்குப் போயிடும்."

தி.நகரில் சம்பந்தி கடை இருக்கிறதே, நேரே போய்க் கேளுங்கள் என்றேன். கூட்டிக்கொண்டும் போனேன். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தோம். தங்கபுஷ்பம் கல்லாவில் உட்கார்ந்து யாருக்கோ குத்துவிளக்கு பேரம் பேசிக்கொண்டிருந்தார். மாமி புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "எந்த முகத்தை வெச்சுண்டு போவேன்டி?" என்றார். பஸ் ஏறித் திரும்பிவிட்டோம்.

லஸ்ஸில் ஒரு பிரவுசிங் சென்டர். உள்ளே போய்ப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அமுக்கினேன். மஹதி தானே எழுதி வைத்திருந்த ஒரு கேள்வியை அது கேட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா எனக்கு வாங்கித் தருவது என்ன?

மாமி அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "எனக்குத் தெரியாமலா?" என்றார். மகள் ஓடிப்போன அன்றுகூட அந்த முகத்தில் அப்படியொரு ஏமாற்றத்தை நான் பார்த்ததில்லை. ஐஸ்கிரீம் என்று போட்டேன். இல்லை. சாக்லேட், பஜ்ஜி, பஞ்சுமிட்டாய். எதுவும் இல்லை. கடைசியில் அதுவே எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது, மறுநாள் வரச் சொல்லி.

பத்து நாளுக்கு மேல் இப்படியே போனது. தினம் மாமி ஒரு தின்பண்டத்தின் பெயரோடு வருவார், தினம் தோற்றுப்போவோம். இடையில் இரண்டு தடவை கீழ் வீட்டில் போன் அடித்தது. மாமா எடுத்து ஹலோ என்றதும் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். வீட்டில் போனை மாமாதான் எடுப்பார். சீட்டு போனபிறகு அவருக்குச் சாயங்காலம் பொழுது போகவில்லை, நாகேஸ்வர ராவ் பார்க்குக்கு நடக்கப் போய்வந்தார். வந்து ஒரே புலம்பல். புழுதி, நாய், காலில் வந்து விழுகிற குழந்தைகளின் பந்து.

தீபாவளி நெருங்கியது. மாமியால் தாங்க முடியவில்லை. ஒருநாள் சாதம் பரிமாறிக்கொண்டே கேட்டுவிட்டாராம்.

"ஏன்னா, மஹதிக்கு எனக்குத் தெரியாம என்ன வாங்கிக் குடுப்பேள்?"

கையோடு மாமி ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார், கடிதம், குழந்தை, தீபாவளி, எல்லாம். மாமா மோரைக்கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து கை கழுவிவிட்டார்.  நானானால் சட்டியைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

மறுநாள் மாமா சட்டை போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றார். பின்னால் மாமி.

"தாரணி, அந்த எடம் எங்க இருக்கு?"

பிரவுசிங் சென்டர் வாசலில் ஒரு நாற்காலி கிடந்தது. "நீ இங்கயே உக்காரு" என்று மாமியிடம் சொல்லிவிட்டு என்னோடு உள்ளே வந்தார். கேள்வியைக் கண்ணாடி போட்டுப் படித்தார். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, கிட்டத்தில் குனிந்தார்.

"முட்டை பப்ஸ். அவகிட்ட சொல்லிடாதே."

கை தானாகத் தட்டியது, மனம் கொதித்தது. மயிலாப்பூரில் மடி ஆசாரம் பேசுகிற மனுஷர், பெண்ணுக்கு ஒளித்து முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுக்கலாம். அதே பெண் பாத்திரக்கடைக்காரர் மகனைக் கட்டினால் மட்டும் வாசலில் நிற்க வைப்பார். சொல்ல வாய்வரை வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேராக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

ஈமெயில் கணக்கு திறந்தது. மஹதியிடமிருந்து இரண்டு கடிதங்கள், ஆங்கில எழுத்தில் தமிழ். முதலாவதில் நாளும் இடமும் இருந்தன. நாகேஸ்வர ராவ் பார்க், சாயங்காலம் ஐந்து மணி. அந்த நேரம்தானே அப்பா சீட்டு விளையாடுவார், நீ வந்துவிடலாம் என்று எழுதியிருந்தாள். அந்த நாள் போன வாரமே போய்விட்டது.

இரண்டாவதை மாமா தானே படித்தார், விரலை வரிக்கு வரி நகர்த்தி.

"அம்மா, நீ வரல. அப்பா வந்தார். எனக்குக் கை கால் ஓடல, மரத்துக்குப் பின்னாடி போயிட்டேன். குழந்தை பந்தை உருட்டிட்டான், அது அப்பா கால்லயே போய் நின்னுது. அவர் எடுத்து வெங்கடேஷ் கையில குடுத்தார். இவர் யாருன்னு அவருக்குத் தெரியாதே. அப்பா ரொம்ப இளைச்சுட்டார்மா. கூப்பிடலாம்னு வாயெடுத்தேன், முடியல. நீயும் வேண்டாம்னு நெனச்சுட்டியோ என்னமோ. இன்னிக்கு ராத்திரி கெளம்பறோம்."

மாமா கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் திரும்பப் போட்டுக்கொண்டார். பதில் எழுதுகிறீர்களா என்று கேட்டேன். மாமா எழுந்து மெதுவாக வாசலுக்குப் போனார், நானும் பின்னால் போனேன்.

மாமி நாற்காலியை விட்டு எழுந்தார். "எப்போ வராளாம்?"

"வந்துட்டுப் போயிட்டா."

மாமி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"பார்க்குக்கு வந்திருக்கா. குழந்தை பந்தை நான்தான் எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றார் மாமா.

மாமி அழுவார், கத்துவார், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்காவது அந்த மனுஷனை நாலு கேள்வி கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார், மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு.

"யார் ஜாடை?"

மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"குனிஞ்சு பந்தைத்தான் பாத்தேன் நீரஜா. மூஞ்சியைப் பாக்கலை."