வாய் விரிந்த காலெட்

காலெட் என்றால் பட்டறைக்கு வெளியே பலருக்குத் தெரியாது. சுண்டுவிரல் நீளத்தில் ஓர் எஃகுக் குழல், சுற்றிலும் நீளவாக்கில் கீறி விட்டிருப்பார்கள். நடுத்துளையில், இரும்பைச் செதுக்கும் கட்டரைச் செருகி, நட்டைப் போட்டு முறுக்கினால், கீறிய துண்டுகள் விரல்கள் மாதிரி ஒடுங்கிக் கட்டரின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். மில்லிங் மெஷினின் அத்தனை வேலையும் அந்தப் பிடியில்தான் நிற்கிறது. நாள்பட நாள்படத் துளையின் வாய் விரிந்துவிடும். அதன்பிறகு பிடிப்பதுபோல் இருக்கும், பிடிக்காது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு முழுசாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். அதுவும் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயமாக வாய்த்தது.

கொடைக்கானலில் மூஞ்சிக்கல்லுக்குக் கீழே இருக்கிறது நான் வேலை பார்க்கும் பட்டறை. ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், முதலாளி, நான். மெஷின் கோயம்புத்தூரிலிருந்து பழசாக வந்தது. அதற்குப் பொருந்தும் காலெட்டைச் சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டும். முதலாளி சொல்லிவைக்கவில்லை. அவரிடம் வேறொரு வழி இருந்தது. வட்டக்கானல் விடுதிகளிலிருந்து காலி பீர் டின்களைச் சாக்கில் கொண்டுவருவார். டின்னைக் கத்திரியால் பட்டையாக வெட்டி, கட்டரின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வாய் விரிந்த காலெட்டுக்குள் செருகி முறுக்குவார். இறுக்கமாகத்தான் நிற்கும்.

“வட்டக்கானல்ல குடிக்கிறவன் இருக்கிற வரைக்கும் நமக்குக் காலெட் தேயாதுலே” என்பார்.

நானும் சிரிப்பேன். ஆனால் பட்டை முடிகிற இடத்தில் தகரம் தகரத்தின்மேல் ஏறிக்கொள்ளும். முறுக்கெல்லாம் அந்தப் பக்கத்து விரல் ஒன்றின்மேல்தான் விழும். அந்த விரலின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசலைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கலே இருக்கு? உன் கண்ணுலதான் இருக்கு. நீ நட்டப் பாத்தாலும் பயப்படுவ, போல்ட்டப் பாத்தாலும் பயப்படுவ.”

அதுவும் பொய்யில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். அதனால் என் பயத்தை நானே நம்புவதில்லை.

மாசி மாதத்தில் கிளாவரையிலிருந்து ஒரு பூண்டு விவசாயி வந்தார். ஓடைத் தண்ணீரைத் தோட்டத்துக்கு ஏற்றும் பம்பின் சுழல்தண்டான ஷாப்ட் முறிந்துபோனதால், புது ஷாப்ட் செய்யச் சொல்லியிருந்தார். முதலாளி லேத்தில் கடைந்து முடித்திருந்தார். ஷாப்டில் மாட்டும் சக்கரம் வழுக்காமல் பூட்டுகிற ஆப்பு, அதாவது கீ, உட்காரும் நீளப் பள்ளமான காடியை நான் வெட்டிக் கொடுத்தால் அவர் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

“பூண்டு திரளுற நேரம் தம்பி. இப்பத் தண்ணி காட்டலன்னா அம்புட்டும் காஞ்சிரும். வெரசா முடிச்சுக் குடுங்க, பஸ்ஸு போயிரும்” என்றார்.

கட்டரைப் பட்டை சுற்றி மாட்டினேன். நட்டிலிருந்து கட்டர் வெளியே வரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். கோடு கீழே இறங்கினால் கட்டர் நழுவுகிறது என்று அர்த்தம். முதல் வெட்டு நன்றாகப் போயிற்று. மெஷினை நிறுத்திக் கோட்டைப் பார்த்தேன். அடுத்த வெட்டிலும் நிறுத்தினேன்.

“நம்ம தம்பி பொண்ணு பாக்குற மாதிரியில்ல பாக்காரு” என்று அந்த விவசாயி சிரித்தார்.

“ஏலே, நீ இப்படி நிப்பாட்டிக்கிட்டே கெடந்தா அவுக எப்ப ஊரு போய்ச் சேர்றது?” என்று முதலாளி லேத்திலிருந்தே கத்தினார்.

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. சூடு தணிக்கப் பால் நிறத்தில் ஊற்றிக்கொண்டிருந்த கூலன்ட் கோட்டை மறைத்தது. டிக் என்று ஒரு சத்தம், சுள்ளி ஒடிகிற மாதிரி. காலெட்டின் விரிசல் விட்ட விரல் ஒடிந்துவிட்டது. பிடி விட்டால் கட்டர் சும்மா நிற்காது. அதன் முறுக்குப் பற்கள் அதைத் திருகாணி போலக் கீழே இழுக்கும். ஸ்விட்சை அமுக்குவதற்குள் காடி ஷாப்டின் பாதி கனத்துக்கு இறங்கியிருந்தது.

மூன்று பேரும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“வெல்டு வெச்சு அடைக்க முடியாதுங்களா?” என்றார் விவசாயி.

“வளைஞ்சிருங்க. அப்படியே அடைச்சாலும் திரும்பக் காடி வெட்டக் காலெட் இல்லீங்க” என்றார் முதலாளி. அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. கடைவதற்கு வேறு உருட்டுக்கம்பியும் பட்டறையில் இல்லை, திண்டுக்கல்லிலிருந்து வர வேண்டும்.

“பக்கத்துல யாருட்டயாச்சும் பம்பு இரவல் கேட்டுப் பாருங்களேன்” என்றேன்.

“எல்லாருக்கும் பூண்டு திரளுது தம்பி” என்று சொல்லிவிட்டுக் ஷாப்டைச் சுற்றிக் கொண்டுபோக எடுத்துவந்த காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

முதலாளி அன்றைக்கே காலெட்டுக்கும் கம்பிக்கும் சொன்னார். காலெட் வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று, அதுவரை மலையில் ஒரு சொட்டு மழை இல்லை. காலையில் மூடும் பனிமூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், இது கிளாவரையில் மழையாக விழாதா என்று நினைப்பேன். விழாது என்றும் தெரியும். எண்ணெய்க் காகிதம் சுற்றிய புதுக் காலெட் வந்ததும், முதலாளி கடைந்துவைத்திருந்த புது ஷாப்டில் காடியை வெட்டிவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

“ஷாப்ட் தயாருங்க. எப்ப வாரீங்க?”



“பூண்டு போச்சு தம்பி. இனித் தண்ணிக்கு இங்க என்ன சோலி கெடக்கு? நா இப்பக் கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துல கூலிக்கு நிக்கேன்.”

“அண்ணே, அந்தக் காலெட்டு…” என்று ஆரம்பித்தேன்.

“அத விடுங்க. சாப்டீங்களா?” என்றார்.

போனை வைத்ததும், எப்போது வருகிறாராம் என்று முதலாளி கேட்டார். வரவில்லையாம் என்றேன். அவர் லேத்தைப் போட்டுவிட்டார். நான் புதுக் காலெட்டின் நட்டை ஒருதரம் முறுக்கிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.