ஒரே வாளி, இரண்டு பாட்டில்

ஆற்றுநீர் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பாட்டிலக்கா என்றுதான் பெயர். பதினோரு வருடமாக வாரம் இரண்டு தடவை முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாட்டில்களை நிரப்பி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருகிறவள். அக்கரை வேறு நாடு. அங்கிருந்த சாயப் பட்டறைகளின் கழிவுதான் ஆற்றைக் கெடுக்கிறது என்று அவள் எழுதாத மாதம் இல்லை.

அந்த வருடம் அவள் தம்பி ஆற்றில் கூண்டு கட்டி வளர்த்த மீன்கள் ஒரே காலையில் வயிறு மேலே தெரிய மிதந்தன. "பதினோரு வருஷமா சோதிக்கிறியேக்கா, சோதிச்சு என்னத்தைக் கிழிச்சே?" என்றான் தம்பி. அடுத்த வாரம், இரு நாட்டு ஆற்றுக் குழுவின் கூட்டத்துக்குத் தன் அதிகாரியின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரை விடுதியில் குளிரூட்டிய அறை. மேசை முழுக்க முந்திரித் தட்டுகள். குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்: "இரு தரப்பு அளவுகளும் ஒத்துப்போகாததால், பட்டறைக் கழிவு பற்றிய புகார் அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்." போன கூட்டத்திலும் இதே வரி. அதற்கு முந்தைய கூட்டத்திலும் இதே வரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றாள்.

"உட்காரும்மா," என்று அதிகாரி பல்லைக் கடித்தார்.

"முடியாது சார்." எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்கரைப் பரிசோதகரைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. எங்க தண்ணி எடுக்கறீங்க?"

அவர் தன் மேலாளரை ஒரு பார்வை பார்த்தார். "பட்டறைக் குழாய்க்கு மேல, கழிவு கலக்கறதுக்கு முன்னாடி. அதுவும் லீவு நாள்ல. அப்படித்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க." பிறகு நிமிர்ந்தார். "உங்க ஊர்ச் சாக்கடை ஆத்துல விழுதே, அதுக்குக் கீழ நீங்க எடுத்திருக்கீங்களா?"

கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. வரைபடத்தில் அதிகாரி புள்ளி வைத்துக் கொடுத்த இடத்தில்தான் அவளும் எடுத்திருந்தாள். சாக்கடைக்கு மேலே. மேலே மட்டும்.

"இல்லண்ணே," என்றாள். இப்போது கோபம் அக்கரையோடு நிற்கவில்லை. தன் அதிகாரி மேலும் தன் மேலும் சேர்த்தே வந்தது. "படகு கீழதான் நிக்குது. குழாய்க்குக் கீழயும் சாக்கடைக்குக் கீழயும் ஒரே வாளியில எடுப்போம், ரெண்டு பாட்டில்ல ஊத்துவோம், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். வாங்க."

தலைவர் அடுத்த கூட்டம் என்று வாயெடுத்தார். ஆனால் பின்வரிசையில் பத்திரிகைக்காரர் ஒருவர் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தார். படகு கிளம்பியது.

இரண்டு நாட்டுப் பரிசோதனைக் கூடங்களிலும் ஒரே அளவுகள் வந்தன. கூட்டுப் பரிசோதனை ஒப்பந்தமாவதற்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. இரண்டு பட்டறைகள் மூடப்பட்டன. மூன்று, சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தன. அந்தப் பரிசோதகரை எங்கோ தொலைவில் ஒரு கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவளுக்கு ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்தது. தம்பி கூண்டுகளை விற்றுவிட்டு லாரி ஓட்டப் போய்விட்டான்.

ஊர்ச் சாக்கடை மட்டும் இன்னும் ஆற்றில்தான் விழுகிறது. ஒப்பந்தப்படி அந்த அளவையும் மாதாமாதம் இரு நாடுகளுக்கும் அவள் அனுப்புகிறாள்.

"நம்ம மானத்தை நீயே வாங்கணுமா?" என்று அதிகாரி ஒரு நாள் கத்தினார்.

"சாக்கடையை நிறுத்துங்க சார், நானும் நிறுத்திடறேன்," என்று சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.